குமுளி ஏத்தத்துல சூடு, இழுவைக் குறைவு

உங்க டீசல் வண்டி கம்பம் வரை நல்லா ஓடுது, லோயர் கேம்ப் தாண்டி ஏத்தத்துல மட்டும் சூடு முள் ஏறுது, இழுவை இல்ல, கரும்புகை வருதுன்னு எழுதியிருக்கீங்க. கரும்புகைதான் துப்பு. ஊத்துற டீசலுக்கு ஏத்த காத்து போகல. ஏர் ஃபில்டரைப் பாத்துட்டு, டர்போவுலருந்து (இன்ஜினுக்குக் காத்தை அழுத்தி அனுப்புறது) இன்டர்கூலருக்குப் (அந்தக் காத்தைக் குளிர வைக்கிறது) போற ரப்பர் ஹோஸைக் கழட்டி அடிப்பக்கம் வளைச்சுப் பாருங்க. கீறல் அங்கதான் ஒளிஞ்சிருக்கும். காத்து குறைஞ்சா எக்ஸாஸ்ட் வெப்பம் கூடி இன்ஜினும் சூடாகும். டீசல் ஃபில்டர் மேல பழி போடுவாங்க, நம்பாதீங்க. அது அடைச்சா இழுவை குறையும், கரும்புகை வராது.

ஹோஸ் சரியாகியும் சூடானா, ரேடியேட்டருக்கும் ஏசி கண்டென்சருக்கும் நடுவுல அடைஞ்ச தூசியை இன்ஜின் பக்கமிருந்து தண்ணியடிச்சு வெளியே தள்ளுங்க.

காலைல ஆறின இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி 1 நிமிஷத்துல மேல் ரேடியேட்டர் ஹோஸ் கல்லு மாதிரி இறுகினா ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல கசியாம அடைக்கிற தகடு) போயிருக்குமோன்னு சந்தேகம். அப்படின்னா மலைப்பக்கமே எடுக்காதீங்க.