முதுகைத் தூக்காதீர்கள்

அன்புள்ள ஐயா,

ஊர்ச் சலூன்களைப் பற்றி நீங்கள் முன்பு எழுதியதில், வீட்டில் மடக்குக் கத்தியால்தான் சேவ் எடுப்பதாக ஒரு வரி வந்தது. அந்த வரியைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன்.

எங்கள் அப்பப்பாவின் சவரக்கத்தி ஒன்று ட்றங்குப் பெட்டியில் கிடைத்தது. 1978 சூறாவளியில் கூரை போன வீட்டில் அந்தப் பெட்டி மட்டும் அசையவில்லையாம். அலகில் 'ஷெஃபீல்ட்' என்று பொறித்திருக்கிறது. பிடி தந்த நிறம். ஆங்காங்கே துரு. வெட்டுக்கத்தி தீட்டும் கல்லில் கொஞ்சம் சரித்துப் பிடித்துத் தீட்டினேன். கையில் உள்ள மயிர் போனது. ஆனால் முகத்தில் வைத்தால் பிடுங்குகிறது. நாடிக்குக் கீழே நல்ல வெட்டு ஒன்றும் விழுந்தது. "செரைக்கிறதுக்கு ஊரில ஆளில்லாமலா நீ கத்தியத் தூக்கிறாய்?" என்று அப்பா ஏசுகிறார். இன்னும் நன்றாகத் தீட்ட வேண்டுமா? அல்லது கத்தி பழசாகிவிட்டதா? ஷெஃபீல்ட் உருக்கு உலகத்திலேயே சிறந்தது என்கிறார்களே, அது உண்மையா?

அன்புடன்,
த.
களுவாஞ்சிக்குடி

அன்புள்ள த.,

முதலில் அந்தக் கல்லை எடுத்துக் கிணற்றடிக்கே கொண்டுபோய் வையுங்கள். மற்றதை ஆறுதலாகப் பேசலாம்.

"கொஞ்சம் சரித்துப் பிடித்து" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். வில்லங்கம் முழுவதும் அங்கேதான். மீன் வெட்டும் கத்தியை அப்படித்தான் தீட்டுவோம். முதுகைத் தூக்கி, வெட்டும் விளிம்பான வாயை மட்டும் கல்லில் தேய்ப்போம். சவரக்கத்தியின் முதுகு அவ்வளவு தடிப்பாக இருப்பது ஏன் என்று யோசித்தீர்களா? அலகைக் கல்லில் தட்டையாகப் படுக்க வைத்துப் பாருங்கள். முதுகும் வாயும் ஒரே நேரத்தில் கல்லைத் தொடும், நடுவில் அலகு குழிந்து நிற்கும். கோணத்தை உங்கள் கை கணக்கிட வேண்டியதில்லை, கத்தியே கணக்கிட்டு வைத்திருக்கிறது. பெரும்பாலும் 15 முதல் 18 பாகைக்குள் வரும். தேயும்போது முதுகும் வாயும் சேர்ந்தே தேய்வதால் ஐம்பது வருடம் தீட்டினாலும் அந்தக் கோணம் பெரிதாக மாறாது. நீங்கள் முதுகைத் தூக்கியதும் அந்த ஏற்பாடு குலைந்துவிட்டது. கை மயிரை வழிப்பது பெரிய சோதனை இல்லை. நல்ல வெட்டுக்கத்தியும் அதைச் செய்யும். தாடி மயிர் தடிப்பு. வாய் அரம்போல் இருந்தால் அது வெட்டாது, பிடுங்கும்.

ஆகவே கத்தி பழசு என்பதால் வந்த கோளாறு இல்லை இது. ஆனாலும் பழைய கத்தியில் பார்க்க வேண்டிய சங்கதிகள் உண்டு. வெளிச்சத்துக்கு எதிரே வாயைப் பிடித்து, துருக்குழி ஏதாவது வாய்வரை வந்திருக்கிறதா என்று பாருங்கள். அலகின் நடுவில் குழி இருந்தால் அது வெறும் தழும்பு, கவலையில்லை. வாயிலேயே குழி விழுந்திருந்தால் அது போகும்வரை உருக்கைத் தேய்க்க வேண்டும், அது பழகிய கைக்குரிய வேலை. அலகை நகத்தால் மெல்லச் சுண்டிப் பாருங்கள். மணிபோல் கேட்டால் நல்லது. மொட்டையாகக் கேட்டால் மயிரிழை வெடிப்பு எங்காவது உண்டா என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடுங்கள். வெடித்த அலகை முகத்தில் வைக்கக் கூடாது. அது காட்சிக்கு மட்டும்தான்.

அடுத்தது பிடி. தந்த நிறம் என்று எழுதியிருக்கிறீர்கள். பெருவிரலால் பிடியைச் சூடேறத் தேய்த்து முகர்ந்து பாருங்கள். கற்பூரம் மணத்தால் அது தந்தம் இல்லை, செலுலாய்ட் என்ற பழைய பிளாஸ்டிக். கற்பூரம் சேர்த்துத்தான் அதைச் செய்வார்கள். பழசாகும்போது அது தனக்குள்ளேயே சிதையத் தொடங்கி, அமில ஆவியை விடும். கத்தி மடக்கியபடி அந்தப் பிடிக்குள் இருந்தால் உருக்கு உள்ளிருந்தே துருப்பிடிக்கும். பெட்டிக்குள் பத்திரமாக இருந்தும் ஏன் துரு என்று நீங்கள் வியந்திருந்தால் இது ஒரு காரணமாக இருக்கலாம். அப்படியானால் பிடியை மாற்றியே ஆக வேண்டும். தளவாடம் செய்கிற தச்சரிடம் முதிரைப் பலகைத் துண்டு கேளுங்கள். இரண்டு மெல்லிய சீவல், ஒன்றரை மில்லிமீற்றர் அளவில் பித்தளைக் கம்பி, ஒரு சின்னச் சுத்தியல் போதும்.

தீட்டுவதற்கு வருவோம். உங்கள் வீட்டுக் கல் கரடு. கல்லின் இலக்கம் கூடக் கூட அது மென்மையாகும். சவரக்கத்திக்கு 1000 இலக்கக் கல்லே கரடுதான், வாயில் பல் விழுந்திருந்தால் மட்டும் அது வேண்டும். பிறகு 4000, பிறகு 8000, முடிந்தால் 12000. ஒவ்வொன்றும் முந்திய கல் விட்ட கீறலை அழிப்பதற்கு. கல்லில் வாய் முன்னே போக வேண்டும், தீட்டியபின் வாயை நீவும் தோல் வாரில் முதுகு முன்னே போக வேண்டும். இதை மாற்றிச் செய்தால் வாருக்குச் சேதம். எனக்கு இதை இரண்டு தரம் சொல்லியும் ஏறவில்லை. முதல் கிழமையே அவசரத்தில் கத்தியை வாயின் மேல் புரட்டி வாரை வெட்டினேன். இன்றைக்கும் அந்தத் தோலில் நகக்கண் போல ஒரு பிறை இருக்கிறது. புரட்டும்போது முதுகு வாரை விட்டு எழும்பவே கூடாது. முதுகின் மேலேயே உருட்டித் திருப்ப வேண்டும்.

முதல் தரம் தீட்டும் வேலையைத் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள் என்பேன். சிக்கல் என்னவென்றால், தெரிந்தவர்கள் இப்போது அரிது. சலூன்களில் இன்று இருப்பது பிளேட் மாற்றும் கத்தி. ஒரு பிளேட்டை இரண்டாக முறித்து, அரைப் பிளேட்டைச் செருகி, ஒருவருக்குப் பாவித்ததும் எறிந்துவிடுவார்கள். எயிட்சும் மஞ்சள் காமாலைக் கிருமியும் இரத்தத்தால் பரவும் என்ற பயம் வந்தபின் அதுதான் சரி, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கல்லும் வாரும் கடையை விட்டுப் போயின. எனக்குச் சொல்லித் தந்தவர் மட்டக்களப்பில் கல்லடிப் பக்கம் சலூன் வைத்திருந்த ஒரு வயதான ஐயா. கடையை மகனிடம் விட்டுவிட்டு வாசல் கதிரையில் இருப்பார். கேட்ட முதல் நாள் சிரித்தார். மூன்றாம் நாள்தான் உள்ளே போய் ஒரு பழைய வாரை எடுத்துவந்து கொக்கியில் மாட்டினார். ஒரு மாதம் வெறும் வார் இழுப்புத்தான், முகத்தில் கத்தி வைக்க விடவில்லை. துணி வாரில் இருபது இழுப்பு, தோல் வாரில் ஐம்பது. வார் தொய்ந்தால் வாய் வட்டமாகிவிடும் என்று என் கையைப் பிடித்து இழுத்துக் காட்டுவார். அவர் கையில் பலமே இல்லை, வார் மட்டும் கம்பிபோல் நிற்கும். முகத்துக்கு வந்த நாள் சொன்னது: "தம்பி, கத்திய அழுத்தாத. அது தன்ட பாட்டுல போகும். நீ தோலப் பிடி."

அதுதான் மீதிப் பாடம் முழுவதும். இடது கையால் தோலை இழுத்துப் பிடித்தால் கத்திக்கு வேலையே இல்லை. கன்னத்துக்கும் கத்தியின் முதுகுக்கும் நடுவே ஒரு பென்சில் படுக்கும் இடைவெளி, ஏறத்தாழ 30 பாகை. அதைவிடத் தட்டையாகப் படுத்தால் மயிரைப் பிடுங்கும், நிமிர்ந்தால் தோலைக் கீறும். முதலில் மயிர் வளரும் பக்கமாக மட்டும். கத்தி பக்கவாட்டில் ஒரு நூலும் நகரக் கூடாது. நகர்ந்தால் அது சேவ் இல்லை, வெட்டு. முதல் இரண்டு கிழமையும் கன்னங்கள் மட்டும் போதும், நாடியையும் மேலுதட்டையும் பழைய ரேசரால் முடியுங்கள். நீங்கள் நேரே நாடிக்குப் போனீர்கள். வளைவு கூடிய இடம், வெட்டு விழாமல் இருந்தால்தான் அதிசயம். கத்தியின் நுனியிலும் ஒரு கண் இருக்கட்டும். கண்ணாடியில் கத்தியின் வாயை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த ஒரு காலை, நுனி என் இடது காதுச் சோணையைத் தொட்டது. ஒரு நெல்மணி அளவு வெட்டு, ஒரு துவாய் இரத்தம். அன்று பின்னேரம் கலியாண வீடு வேறு. படிகாரக் கட்டி ஒன்றைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் இந்த விளையாட்டுக்கே வரவேண்டாம்.

நம் பக்கத்துக்கென்று மூன்று கரைச்சல் உண்டு. ஒன்று தண்ணீர். கரையோரக் கிணறுகள் பலவற்றில் சவர்த் தண்ணீர். சவர்த் தண்ணீரில் சவரம் என்றால் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் சவர்க்காரம் நுரைக்காது. பிடித்துவைத்த மழைத் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ ஒரு கோப்பை எடுத்து வையுங்கள். இரண்டாவது, ஃபேன். வெக்கைக்கு ஃபேனைப் போட்டுவிட்டு நிற்பீர்கள், வலது கன்னம் முடிவதற்குள் இடது கன்னத்து நுரை காய்ந்து பொருக்காகிவிடும். நிறுத்திவிடுங்கள், வியர்த்தால் வியர்க்கட்டும். மூன்றாவது, உப்புக் காற்று. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் நாம். கத்தி கரிம உருக்கு. குளியலறையில் ஓர் இரவு ஈரத்தோடு கிடந்தால் காலையில் செம்மஞ்சள் பொட்டு தெரியும். முகம் துடைக்கும் முன் கத்தியைத் துடையுங்கள். பிடி ஆணியடியில் தண்ணீர் நிற்கும், துணி நுனியை அங்கே விட்டு எடுங்கள். மாரிகாலத்தில் தையல் மெசின் எண்ணெய் ஒரு துளி பூசி அலுமாரியில் வையுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளானால் பிசினாகும்.

ஷெஃபீல்ட் பற்றிக் கேட்டீர்கள். நல்ல உருக்குத்தான். 1740களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் அங்கே மூசை என்ற மண்குடுவையில் உருக்கி ஒரே சீரான உருக்கு எடுக்கக் கண்டுபிடித்ததிலிருந்து, கத்திக்கு முன்பே பெயர்போன அந்த ஊர் உருக்குக்கும் பெயர் பெற்றது. ஜெர்மனியின் சொலிங்கன் அதற்குக் குறைந்ததில்லை. 'உலகத்திலேயே' என்று சொல்லும் முன் ஒன்று: நம் இலங்கையில் சமனலவெவப் பக்கம், பருவக்காற்று மோதும் மலைச்சரிவில் உலை வைத்து, துருத்தி ஊதாமல் காற்றின் விசையாலேயே கரிமம் கூடிய உருக்கு எடுத்திருக்கிறார்கள், ஆயிரம் வருடத்துக்கும் முன்பு. 1990களில் அகழ்ந்து, அதே மாதிரி உலை கட்டி எரித்தும் பார்த்தார்கள். அந்த உருக்கில் சவரக்கத்தி அடித்தார்களா என்பது வேறு கதை.

பணம் மிச்சம் பிடிக்கத்தான் இதைத் தொடங்கினீர்கள் என்றால் விட்டுவிடுங்கள். கல்லும் வாரும் வாங்கும் காசில் இருபக்க பிளேட் பல வருடத்துக்கு வாங்கலாம், சேவும் மோசமாக இராது. இந்தத் தீட்டும் தொல்லையே வேண்டாம் என்றுதான் கிங் கேம்ப் ஜில்லெட் எறியும் பிளேட்டைக் கொண்டுவந்தார். 1903இல் அவர் விற்றது வெறும் 51 ரேசர். அடுத்த வருடமே விற்பனை பல்லாயிரமாகிவிட்டது. நான் மடக்குக் கத்தியில் நிற்பதற்கு நியாயம் ஒன்றுமில்லை. காலையில் அந்தப் பத்து நிமிடம் கைப்பேசியைத் தொட முடியாது, அவ்வளவுதான்.

அப்பாவின் ஏச்சை நீங்கள் சிரிப்போடு எழுதியிருக்கிறீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சொல்லுக்குப் பின்னால் நிற்பது சாதி. கொண்டாட்டத்துக்கும் துடக்குக்கும் கத்தியோடு கூப்பிட்டு, வாசலில் நிறுத்தி, கூலியாக நெல்லளந்து அனுப்பிய பழக்கம் இந்த மண்ணில் இருந்தது. முஸ்லிம் ஊர்களில் பிள்ளைக்குத் தலை வழிக்கவும் சுன்னத்து வைக்கவும் வருகிற ஒஸ்தாமாரை எத்தனை வீட்டில் சரிசமமாக இருத்தினார்கள் என்று அவர்களையே கேட்டுப் பாருங்கள். அந்தக் கையில் இருந்த நுட்பத்தை ஒருவரும் வித்தை என்று சொல்லவில்லை. அதனால்தான் இன்று ஒரு கத்தி தீட்ட ஆள் தேடி நீங்கள் எனக்கு எழுத வேண்டியிருக்கிறது. அப்பாவிடம் சண்டைக்குப் போக வேண்டாம். அந்தக் கத்தியால் அப்பப்பா யாருடைய முகத்தை வழித்தார் என்று மட்டும் கேளுங்கள்.

பிடியை முகர்ந்து பார்த்துவிட்டு எழுதுங்கள். கற்பூரம் மணக்காவிட்டால், வாயில் குழியும் இல்லாவிட்டால், ஒரு ஞாயிற்றுக்கிழமை கத்தியோடு கல்லடிக்கு வாருங்கள். 8000 கல் என்னிடம் இருக்கிறது. ஐயாவும் வாசல் கதிரையில்தான் இருப்பார்.