பதினான்கு பிரஷ் இருக்கும்போது பதினைந்தாவது எதற்கு?

கேள்வி: ஷேவிங் பிரஷ் சேர்ப்பது என் பொழுதுபோக்கு. இதுவரை பதினான்கு சேர்ந்துவிட்டன, தினம் ஒன்று என்று முறை வைத்துப் பயன்படுத்துகிறேன். அதில் மூன்று பன்றி முடி பிரஷ், மூன்றுமே முகத்தில் குத்துகின்றன. அவற்றைக் கழித்துவிட்டு, பேட்ஜர் என்ற விலங்கின் முடியில் செய்த நல்ல சில்வர்டிப் ரக பிரஷ் ஒன்று வாங்கலாமா? பழைய காலத்து பிரஷ்களும் விற்பனைக்கு வருகின்றன, அவற்றை நம்பி வாங்கலாமா? - ஒரு வாசகர்

பதில்: வாங்காதீர்கள். அந்த மூன்றையும் கழிக்கவும் கழிக்காதீர்கள்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். நீங்கள் ஒரு நாள்கூட விடாமல் சவரம் செய்கிறவர் என்றே வைத்துக்கொண்டாலும், பதினான்கு பிரஷ்களும் சுற்றி வரும்போது ஒன்றுக்கு வருடத்தில் 26 தடவைதான் முறை வரும். ஒருநாள் விட்டு ஒருநாள் என்றால் 13. பன்றி முடி பிரஷ் பதமாவதற்கே இருபது முப்பது தடவை பிடிக்கும். அப்படியென்றால் உங்கள் மூன்று பிரஷ்களும் இன்னும் புதுசாகவே இருக்கின்றன, புதுசு குத்தத்தான் செய்யும்.

முடிந்தால் ஒரு பூதக்கண்ணாடியை எடுத்து அந்த முடியின் நுனியைப் பாருங்கள். புது பிரஷ்ஷில் பெரும்பாலான முடிகள் மொட்டையாக, குச்சி மாதிரி நிற்கும். தண்ணீரில் ஊறி, சோப்பில் உழன்று, காய்ந்து, திரும்ப ஊறி, இப்படியே போகப் போக ஒவ்வொரு நுனியும் இரண்டாக, மூன்றாகப் பிரியும். அப்புறம் முகத்தில் படுகிற இடம் பஞ்சு மாதிரி ஆகிவிடும், ஆனால் நடுத்தண்டின் விறைப்பு அப்படியே இருக்கும். நுனியில் மெத்து, உள்ளே பிடிப்பு. கெட்டியான சோப்புக் கட்டியிலிருந்து நுரையை வழித்தெடுக்க இதைவிட நல்ல முடி இல்லை என்பது என் அனுபவம். இதைக் கடையில் விலை கொடுத்து வாங்க முடியாது, உங்கள் கையால் பழக்கித்தான் வர வேண்டும், அது வருவதற்கு முன்பே தூக்கிப் போடுகிறேன் என்கிறீர்களே, அதுதான் எனக்கு மனசு ஆறவில்லை.

இன்னொன்று, நீங்கள் ஊறவைக்கிறீர்களா? பன்றி முடி தண்ணீரை உள்ளே இழுத்துக்கொண்டால்தான் இளகும். முகம் கழுவப் போகும் முன் வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டுவிடுங்கள், ஐந்து நிமிடம் போதும். கொதிக்கிற தண்ணீர் வேண்டவே வேண்டாம், முடியும் கெடும், அடியில் இருக்கிற பசையும் விடும்.

சில்வர்டிப் விஷயத்துக்கு வருகிறேன். பேட்ஜர் முடிக்கு நுனி வெளிறி, நடுவில் கறுப்புப் பட்டை ஓடி, அடியில் மறுபடி வெளிறியிருக்கும், பார்க்க அழகுதான், நான் மறுக்கவில்லை. பியூர், பெஸ்ட், சூப்பர், சில்வர்டிப் என்று தரம் பிரித்துச் சொல்கிறார்கள். ஆனால் இந்தப் பெயர்களுக்குப் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. ஒருவர் சூப்பர் என்று விற்பதை இன்னொருவர் சில்வர்டிப் என்று விற்கலாம். அதனால் பெயரைப் பார்த்து வாங்காமல், முடிக்கற்றை எத்தனை மில்லிமீட்டர் தடிமன், பிடிக்கு மேலே எவ்வளவு உயரம் என்று கேளுங்கள். ஒரே முடியாக இருந்தாலும் உயரம் கூடினால் தொய்யும், குறைந்தால் விறைக்கும். 24 மில்லிமீட்டர் தடிமன் பெரும்பாலானவர்களின் முகத்துக்கு ஒத்துவரும். சின்ன முகத்துக்கு 28 மில்லிமீட்டர் வாங்கினால் மூக்கு வரைக்கும் நுரைதான்.

முறை வைத்துப் பயன்படுத்துவது நல்ல பழக்கம், அதில் குறை சொல்ல மாட்டேன். இயற்கை முடி அடிவரை காய ஒரு நாளோ இரண்டு நாளோ வேண்டும். அதற்கு நான்கைந்து பிரஷ் இருந்தால் தாராளம். செயற்கை இழை ஒன்று கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள், ஊறவைக்கவும் வேண்டாம், சீக்கிரம் காய்ந்துவிடும், பயணத்துக்கு அதைவிட நிம்மதி இல்லை. தண்ணீரை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள், இயற்கை முடி மாதிரி அது தேக்கி வைத்துக்கொள்ளாது.

பயன்படுத்தாமல் வைப்பதில் ஒரு நிஜமான ஆபத்து இருக்கிறது. நானும் ஒரு காலத்தில் பிரியமான பேட்ஜர் ஒன்றை, தினமும் எடுத்தால் தேய்ந்துவிடுமே என்று பெட்டியில் பூட்டி வைத்தேன். எட்டு மாதம் கழித்துத் திறந்தால் கற்றையின் ஒரு பக்கம் கத்தரியால் வெட்டின மாதிரி பள்ளம். லேசாகத் தட்டினேன், பொடியும் துண்டு முடியுமாகக் கொட்டியது. கம்பளித் துணியை அரிக்கிற அதே அந்துப்பூச்சிதான், அதற்குக் கம்பளியும் பேட்ஜர் முடியும் ஒன்றுதான். தினமும் சோப்பும் தண்ணீரும் பட்டு, காற்றில் நிற்கிற பிரஷ்ஷை அது அண்டாது. ஈரத்தோடு மூடி வைத்தால் பூஞ்சை வேறு. நிமிர்த்தி வைப்பதா, தலைகீழாகத் தொங்கவிடுவதா என்று இதற்குப் பெரிய சண்டையே நடக்கிறது. என்னைக் கேட்டால் நன்றாக உதறி, காற்றுப்படுகிற இடத்தில் வைத்தால் போதும், எப்படி நின்றாலும் காயும்.

பழைய பிரஷ் பற்றிக் கேட்டீர்கள், இங்கே கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். முதல் உலகப் போர் சமயத்தில், சரியாகக் கிருமி நீக்காத குதிரை முடியை பேட்ஜர் மாதிரி சாயம் போட்டுச் செய்த மலிவு பிரஷ்களால் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் சிப்பாய்களும் பொதுமக்களுமாக 200 பேருக்கு மேல் ஆந்த்ராக்ஸ் என்ற கொடிய தொற்றுநோய் வந்தது. சவரத்தில் தோல் கீறிய இடம் வழியாகக் கிருமி இறங்கியது. அதன் வித்துகள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கக்கூடியவை. இன்றைக்கு அந்த ஆபத்து மிக மிகக் குறைவுதான், இப்போது விற்கிற முடியைக் கிருமி நீக்கித்தான் கட்டுகிறார்கள். ஆனாலும் என்ன முடி, எந்தக் காலம் என்று தெரியாத நூறு வருஷத்து பிரஷ்ஷை முகத்தில் வைக்காதீர்கள், கற்றையைப் பிடுங்கி எடுக்கவும் முயலாதீர்கள், கண்ணாடி அலமாரியில் இருக்கட்டும். வரலாறு தெரிந்த, பிற்காலத்து பிரஷ் என்றால் வேறு விஷயம். பழைய கற்றையை எடுத்துவிட்டு, அந்தப் பிடியிலேயே புதுக் கற்றையைப் பசை போட்டுப் பொருத்திக்கொள்ளலாம். சேகரிப்பில் எனக்குப் பிடித்த வேலையே இதுதான், பிடியில் கற்றை உட்காருகிற குழியின் ஆழத்தைக் கூட்டிக் குறைத்து விறைப்பை நாமே தீர்மானிக்கலாம்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. மூன்று பன்றி முடியில் ஒன்றை எடுங்கள், மற்ற பதின்மூன்றையும் நன்றாகக் காயவைத்து ஒதுக்குங்கள். ஒரு மாதம் தினமும் அது ஒன்றுதான். ராத்திரிக்குள் காய்ந்துவிடுமா என்று கவலை வேண்டாம், உதறித் துண்டில் ஒற்றி வைத்தால் இந்த ஒரு மாதத்துக்கு ஒன்றும் ஆகாது. முகத்தில் அழுத்திக் குத்தாதீர்கள், அப்படிக் குத்தினால் நடு முடி அடியோடு ஒடிந்து குழி விழும், நுனியால் மட்டும் வண்ணம் பூசுகிற மாதிரி இழுங்கள். முதல் வாரம் நாலைந்து முடி உதிரும், சோப்போடு கொஞ்சம் மிருக வாடையும் வரும், இரண்டும் நின்றுவிடும். முப்பதாவது நாள் அந்த பிரஷ் எப்படி இருக்கிறது என்று எனக்கு ஒரு கடிதம் போடுங்கள், சில்வர்டிப் பேச்சை அப்போது எடுப்போம்.