டெபெஷ் மோட்: ஒரே குழு, இரண்டு கரைகள்

அன்புள்ள சார்,

வணக்கம். ‘101’ ஆவணப்படம் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த பிறகுதான் டெபெஷ் மோட் என்ற பிரிட்டிஷ் இசைக்குழுவைக் கேட்க ஆரம்பித்தேன். நான் கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். எங்கள் டீமில் லண்டனுக்குப் பக்கத்திலிருந்து ஒருவரும் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து ஒருவரும் இருக்கிறார்கள். இருவருக்கும் ஐம்பதைத் தாண்டிய வயது. போன வாரம் மீட்டிங் தொடங்கும் முன் இந்தக் குழுவின் பேச்சை எடுத்தேன். லண்டன்காரர் சிரித்துவிட்டு, “நாங்கள் ஸ்கூலில் படிக்கும்போது டிவியில் வந்த பாப் பையன்கள்தானே” என்றார். அமெரிக்கருக்கு முகமே மாறிவிட்டது. “1990 வரைக்கும் அவர்கள் எங்களுடையவர்கள். அப்புறம் எல்லோருடையவர்களாகவும் ஆகிவிட்டார்கள்” என்றார். முப்பது வருடத்துக்குமேல் ஆகியும் அந்தக் குரலில் வருத்தம் இருந்தது.

ஒரே குழு, ஒரே பாட்டுகள். இரண்டு பேருக்கும் இவ்வளவு வித்தியாசம் எப்படி வந்தது? பெரிய வெற்றி அவர்களைக் கெடுத்துவிட்டது என்று நீங்களும் நினைக்கிறீர்களா? எந்த ஆல்பத்திலிருந்து கேட்கலாம் என்பதையும் சொன்னால் நன்றாக இருக்கும்.

அன்புடன்,
உங்கள் வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் சக ஊழியர்கள் இருவரும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். பாட்டு ஒன்றுதான், அது அவர்களிடம் வந்து சேர்ந்த வழி வேறு. தான் நேசித்த குழு பெரிய புகழ் அடையும்போது ஒரு ரசிகர் பூரித்துப்போகிறாரா, எதையோ பறிகொடுத்ததுபோல் ஆகிறாரா என்பது, அந்தக் குழுவுக்காக அவர் முன்பு என்ன விலை கொடுத்தார் என்பதைப் பொறுத்தது. பிரிட்டனில் டெபெஷ் மோட் ரசிகராக இருக்கப் பெரிதாக எதையும் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அமெரிக்காவில் கொடுக்க வேண்டியிருந்தது.

முதலில் பிரிட்டனைப் பார்ப்போம். லண்டனுக்குக் கிழக்கே எஸெக்ஸில், போருக்குப் பிறகு திட்டமிட்டுக் கட்டிய புதுநகரம் பாசில்டன். அங்கிருந்து 1980இல் கிளம்பியவர்கள் நான்கு பையன்கள்: வின்ஸ் கிளார்க், மார்ட்டின் கோர், ஆண்டி ஃப்ளெட்சர், டேவ் கஹான். அடுத்த வருடமே அவர்களுடைய மூன்றாவது சிங்கிள் (தனியாக வெளியிடும் பாட்டு) பிரிட்டிஷ் தரவரிசையில் 8ஆம் இடத்துக்குப் போனது. சின்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியில் வாசித்த, துள்ளலான, கேட்டவுடன் ஒட்டிக்கொள்ளும் பாட்டு அது. அன்று பிரிட்டனில் மூன்றே டிவி சானல்கள். நாடு முழுக்கக் கேட்கும் பாப் வானொலி என்றால் பிபிசியின் ரேடியோ 1. வியாழக்கிழமை மாலை ‘டாப் ஆஃப் தி பாப்ஸ்’ நிகழ்ச்சியில் ஒரு குழு தோன்றிவிட்டால், மறுநாள் பள்ளிக்கூடம் முழுக்க அதுதான் பேச்சு. பாட்டியும் அதே சோபாவில் உட்கார்ந்து பார்த்திருப்பாள். பாப் பத்திரிகைகளில் போஸ்டர் வரும், பத்து வயதுத் தங்கை அதைக் கத்தரித்துச் சுவரில் ஒட்டுவாள். உங்கள் லண்டன்காரர் மனத்தில் பதிந்தது இந்த 1981ஆம் வருடத்துப் படம். அவரைப்போல் லட்சக்கணக்கான பேர் இருப்பார்கள்.

அந்த வருடக் கடைசியிலேயே வின்ஸ் கிளார்க் விலகிவிட்டார். முதல் ஆல்பத்தின் பெரும்பாலான பாடல்களை எழுதியவர் அவர்தான். பொறுப்பு மார்ட்டின் கோரிடம் வந்தது, 1982இல் ஆலன் வைல்டர் சேர்ந்தார், குழு மெல்ல வேறொன்றாக மாறத் தொடங்கியது. உலோகத்தைத் தட்டி, உரசி, அந்தச் சத்தத்தைச் சாம்ப்ளர் என்ற ஒலிப்பதிவுக் கருவியில் ஏற்றித் தாளமாக்கினார்கள். பெர்லினின் ஹன்சா ஸ்டுடியோவில் வேலை செய்தார்கள். பாடல்களில் பாவம், குற்றவுணர்வு, காமம், கடவுள்மேல் கோபம் எல்லாம் வந்தன. 1986இல் வந்த ‘பிளாக் செலிப்ரேஷன்’ அவர்களுடைய இருண்ட ஆல்பங்களில் ஒன்று, என் கணக்கில் மிக அழகானதும்கூட. ஆனால் பிரிட்டனின் வார இசைப் பத்திரிகைகளில் பல விமர்சகர்களுக்கு அவர்கள் நெடுநாள் அந்தப் பழைய டிவி பையன்களாகவே தெரிந்தார்கள். கிட்டார் ஏந்திய குழுக்களுக்குக் கிடைத்த மரியாதை இவர்களுக்குக் கிடைக்கவில்லை.

தரவரிசை கணக்கிடப்பட்ட முறையையும் இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் விஷயத்தின் பாதி அதில் இருக்கிறது. பிரிட்டிஷ் பட்டியல் அன்று விற்பனையை மட்டுமே எண்ணியது. விசுவாசமான ரசிகர்கள் வெளியான வாரமே கடைக்குப் போய் வாங்கிவிட்டால், பாட்டு நேராகப் பட்டியலின் மேல்பகுதியில் ஏறிவிடும். அதனால் பெரும்பாலான டெபெஷ் மோட் சிங்கிள்கள் முதல் 30 இடங்களுக்குள் வந்தன. முதல் இடத்தைப் பிடித்த சிங்கிள் இன்றுவரை ஒன்றுகூட இல்லை. ஆக, பிரிட்டிஷ் ரசிகருக்குத் தன் குழு வெகுஜனத்துக்குப் போய்விட்டது என்று துக்கப்பட ஒரு நாள் வாய்க்கவேயில்லை. முதல் நாளிலிருந்தே அது வெகுஜனத்தின் கண்முன்னால்தான் இருந்தது.

இனி அமெரிக்கா. அங்கே தேசம் முழுக்க ஒரே வானொலி என்பது கிடையாது. ஆயிரக்கணக்கான நிலையங்கள், ஒவ்வொன்றும் ஒரே வகைப் பாட்டைப் போடும். ஒரு நகரத்தில் தெய்வமாக இருப்பவர் பக்கத்து மாநிலத்தில் பெயர் தெரியாதவராக இருக்கலாம். அங்கே முக்கியமான ‘ஹாட் 100’ பட்டியலோ விற்பனையோடு வானொலி ஒலிபரப்பையும் சேர்த்துக் கணக்கிட்டது. பெரிய நிலையங்கள் போடாத பாட்டு எத்தனை பேர் உயிரைக் கொடுத்து வாங்கினாலும் மேலே ஏறுவது கடினம். லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் கேஆர்ஓக்யூ, நியூயார்க்கின் லாங் ஐலண்டில் டபிள்யூஎல்ஐஆர் போன்ற சில நிலையங்கள்தாம் பிரிட்டனிலிருந்து வரும் புதிய இசையை விடாமல் ஒலிபரப்பின. அந்த அலைவரிசையைத் தேடிப் பிடிக்க வேண்டும். இறக்குமதி இசைத்தட்டை அதிக விலை கொடுத்து வாங்க வேண்டும்.

அது பணத்தின் விலை. அதைவிடப் பெரியது பள்ளிக்கூடத்தில் கொடுக்க வேண்டியிருந்த விலை. எண்பதுகளின் அமெரிக்கப் புறநகரில் ஹார்ட் ராக்கும் மெட்டலும்தான் ஆண்பிள்ளைத்தனத்துக்கு அடையாளம். கறுப்புச் சட்டை போட்டு, கண்ணுக்கு மை தீட்டி, சின்தசைசர் பாட்டுக் கேட்கும் பையனுக்கு என்ன வசவு கிடைத்திருக்கும் என்று உங்களால் ஊகிக்க முடியும். சில சமயம் அடியும் கிடைத்தது. பிரிட்டனில் அதே காலத்தில் பாய் ஜார்ஜ் என்ற பாடகர் முழு ஒப்பனையோடு குடும்பமே பார்க்கும் டிவியில் பாடிக்கொண்டிருந்தார். அமெரிக்காவில் டெபெஷ் மோட் கேட்டவர்கள், தாங்கள் எதிலும் சேராதவர்கள் என்று உணர்ந்த பிள்ளைகள். லாஸ் ஏஞ்சலிஸின் மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளிடம் இந்தக் குழுவின்மேல் இருக்கும் பற்று இன்றும் பேசப்படுகிறது. பள்ளிக்கூடத்தில் ஒருவன் டெபெஷ் மோட் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தால், பேசாமலே இன்னொருவன் அவனை அடையாளம் கண்டுகொள்வான். அது அவர்களுக்குத் துணையாக இருந்தது, பாதுகாப்பாகவும் இருந்தது.

இப்போது இதைப் பாருங்கள். 1985இல் அவர்களுடைய ஒரே ஒரு பாட்டு ‘ஹாட் 100’ பட்டியலில் 13ஆம் இடத்துக்குப் போனது. அதன்பின் 1990 வரை ஒரு பாட்டும் அங்கே முதல் 40க்குள் வரவில்லை. இடையில், 1988 ஜூன் 18 அன்று, கலிஃபோர்னியாவின் பசடேனாவில் ரோஸ் போல் மைதானத்தில் ஏறக்குறைய 60,000 பேர் கூடினார்கள். தேசியப் பட்டியலின் மேல்பகுதியில் இடமில்லாத ஒரு குழுவுக்கு அத்தனை கூட்டம்! அந்தச் சுற்றுப்பயணத்தின் 101ஆவது கச்சேரி அது. பென்னிபேக்கரும் கிறிஸ் ஹெஜெடஸும் டேவிட் டாக்கின்ஸும் எடுத்த ஆவணப்படத்துக்கு ‘101’ என்று பெயர் வந்தது அதனால்தான். படத்தில் என்னை ஒவ்வொரு முறையும் கட்டிப்போடுவது மேடை அல்ல, நியூயார்க்கிலிருந்து கலிஃபோர்னியாவுக்குப் பஸ்ஸில் வரும் அந்த இளம் ரசிகர்கள். ஊர் ஊராக இறங்கும்போது அவர்களுடைய தலைமுடியையும் உடையையும் மற்றவர்கள் பார்க்கும் பார்வை படத்தில் இருக்கிறது. ரோஸ் போலுக்குள் நுழைந்ததும் தங்களைப்போலவே ஆயிரமாயிரம் பேர்! நாம் இத்தனை பேரா என்று அன்று அங்கே இருந்த எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

ஆகவே கூட்டம் பெருகியது அவர்களை வருத்தவில்லை. 60,000 பேர் இருந்தபோதும் அது அவர்களுடைய குழுதான், ஏனென்றால் அந்த 60,000 பேரும் அதே வழியாக வந்தவர்கள். 1990இல் நடந்தது வேறு. மார்ச் 20 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் ஓர் இசைத்தட்டுக் கடையில் கையெழுத்துப் போட வந்த குழுவைப் பார்க்கப் பல ஆயிரம் பேர் திரண்டு, போலீஸ் வந்து நிகழ்ச்சியையே நிறுத்த வேண்டியதாயிற்று. ‘வயலேட்டர்’ ஆல்பம் அமெரிக்காவில் 7ஆம் இடம், ‘என்ஜாய் தி சைலன்ஸ்’ பாட்டு 8ஆம் இடம். இனி அலைவரிசை தேட வேண்டாம், எந்தக் காரிலும் அந்தப் பாட்டு ஓடியது. முந்தின வருடம் நடைபாதையில் தள்ளிவிட்டவன் இந்த வருடம் அதே பாட்டை உரக்கப் பாடிக்கொண்டு போனால், தள்ளப்பட்டவனுக்கு எப்படி இருக்கும்? உங்கள் அமெரிக்க நண்பரின் முகம் மாறியதன் காரணம் அதுவாக இருக்கலாம். இதைத் தற்பெருமை என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நேற்றுவரை இந்தப் பாட்டுக்காக அவமானப்பட்டவர் அவர். அந்த அவமானத்துக்குக் காரணமானவன் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் வந்து பக்கத்தில் நின்றுகொள்கிறான்.

பிரிட்டனிலும் தீவிர ரசிகர்கள் உண்டு. உங்கள் லண்டன்காரரைப்போல் மறந்துவிடாமல், ஒவ்வொரு ஆல்பத்தோடும் கூட வளர்ந்தவர்கள். அவர்களுக்கு ரோஸ் போல் செய்தி கொண்டாட்டம். உள்ளூர் விமர்சகன் மதிக்காத தங்கள் குழுவை ஒரு மைதானமே எழுந்து நின்று பாடியது என்றால் சும்மாவா? அமெரிக்க ரசிகரின் மனம் நொந்த அதே வெற்றியில் பிரிட்டிஷ் ரசிகருக்கு நியாயம் கிடைத்தது. இன்னொன்றும் இருக்கிறது. பிரிட்டனில் அவர்கள் இருந்தது டேனியல் மில்லரின் ம்யூட் ரெக்கார்ட்ஸில், எழுத்து ஒப்பந்தம்கூட இல்லாமல் வாய்வார்த்தை நம்பிக்கையில் பல வருடம் நடந்த சின்ன சுயேச்சை நிறுவனத்தில். அமெரிக்காவில் அவர்களை வெளியிட்டது வார்னரைச் சேர்ந்த சையர். சுயேச்சையாக இருந்த ஊரில் பாப் என்று பெயர், பெருநிறுவனத்தின் கையில் இருந்த ஊரில் மாற்று இசை என்று பெயர். நிறுவனம் யாருடையது என்பதை ரசிகர்கள் பார்க்கவில்லை, தங்கள் கைக்கு அது எப்படி வந்தது என்பதைத்தான் பார்த்தார்கள்.

இதை வைத்து ஆங்கிலேயர் சுபாவம் இப்படி, அமெரிக்கர் சுபாவம் அப்படி என்று முடிவுகட்டிவிடாதீர்கள். எதிர்ப்பக்கம் ஆர்.ஈ.எம். இருக்கிறது. ஜார்ஜியா மாநிலத்தின் ஏதென்ஸ் நகரில் 1980இல் தொடங்கிய குழு. வேனில் ஊர் ஊராகப் போய், கல்லூரி வானொலிகளின் தோளில் ஏறி வளர்ந்தார்கள். 1988இல் அவர்கள் ஐ.ஆர்.எஸ். என்ற சுயேச்சை நிறுவனத்தை விட்டுப் பெருநிறுவனமான வார்னருக்குப் போனபோது பழைய அமெரிக்க ரசிகர்கள் பலருக்கு மனம் கசந்தது. பிரிட்டனில் பெரும்பாலானவர்களுக்கு ஆர்.ஈ.எம். அறிமுகமானதே 1991இல், புகழின் உச்சியில். அவர்களுக்கு இழக்க எதுவுமில்லை, அதனால் கடைசிவரை தாராளமாக நேசித்தார்கள். 2004இல் வந்த ஆல்பம் அமெரிக்காவில் 13ஆம் இடம், பிரிட்டனில் முதல் இடம்.

சரி, வெற்றி கெடுத்ததா? இல்லை. உங்கள் அமெரிக்க நண்பரின் வலியை முழுமையாக ஏற்கிறேன், குற்றச்சாட்டு அதில் இருந்தால் ஏற்கமாட்டேன். ‘என்ஜாய் தி சைலன்ஸ்’ பாட்டை மார்ட்டின் கோர் முதலில் மெதுவான, ஹார்மோனியச் சாயலுள்ள துயரப்பாட்டாகத்தான் பதிந்து கொண்டுவந்தார். வைல்டர்தான் அதற்கு வேகமான தாளம் போட்டுப் பார்க்கலாம் என்றார். கோருக்கு முதலில் அதில் விருப்பமில்லை. பிறகு அவரே அந்த கிட்டார் இழையை வாசித்தார். ஃப்ளட் தயாரிப்பாளராக உடனிருந்தார். ஒருவர் எழுதிய தனிமையை மற்றவர்கள் கலைக்காமல் ஆடவைத்துவிட்டார்கள். ‘வயலேட்டர்’ முழுக்க அப்படித்தான், ஒரு வீணான ஒலி கிடையாது. கூட்டத்துக்காக எதையும் விட்டுக்கொடுக்காத ஆல்பம் அது, கூட்டம் தானாக வந்தது.

புகழுக்குக் கணக்குத் தீர்க்கப்பட்டது வேறு இடத்தில். 1993இன் ஆல்பம் இரண்டு நாடுகளிலும் முதல் இடம் பிடித்தது. அதைத் தொடர்ந்த நீண்ட சுற்றுப்பயணம் எல்லோரையும் உருக்குலைத்தது. 1995இல் வைல்டர் விலகினார். கஹான் 1996இல் போதைமருந்தால் சாவின் விளிம்புவரை போய் மீண்டார். ஆண்டி ஃப்ளெட்சர் 2022இல் இறந்துபோனார். கஹானும் கோரும் இன்னும் பாடுகிறார்கள்.

கேட்கும் வரிசை: முதலில் ‘பிளாக் செலிப்ரேஷன்’, அடுத்து 1987இன் ‘மியூசிக் ஃபார் தி மாஸஸ்’, பிறகு ‘வயலேட்டர்’. 1981இன் ஆல்பத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், அதன் இனிமை அப்போது வேறு மாதிரி கேட்கும். முடிந்தால் ‘பிளாக் செலிப்ரேஷ’னை லண்டன்காரருக்கும் அனுப்பிவையுங்கள், அவர் பள்ளிக்கூடத்தில் கேட்டது இந்தக் குழுவை அல்ல. அமெரிக்க நண்பரிடம் 1988 ஜூன் 18 அன்று அவர் பசடேனாவில் இருந்தாரா என்று கேட்டு எழுதுங்கள். இருந்தார் என்றால் அவர் சொல்வதையெல்லாம் அப்படியே எனக்கு அனுப்புங்கள், காத்திருக்கிறேன்.

அன்புடன்.