மின்னசோட்டாவில் உறைந்த ஏரி மேல் கூடாரம் போட்டு மீன் பிடிக்க நண்பர்கள் கூப்பிடுகிறார்கள். பாதுகாப்பா? சட்டச் சிக்கல் ஏதாவது வருமா?

தாராளமாகப் போங்கள். எல்லோரும் முதலில் பயப்படுவது ஐஸ் உடையுமோ என்றுதான். கூடாரத்துக்குள் போனபிறகு எனக்குப் பெரிய கவலை ஹீட்டர்தான்.

புரொபேன் ஹீட்டர் எரிய எரிய உள்ளே ஆக்சிஜன் குறையும், கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. லேசான தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு வரும். குளிர் அசதி என்று நினைத்துப் படுத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. காற்று அடிக்காமல் இருக்கக் கூடாரத்தின் அடி விளிம்பைச் சுற்றிப் பனியை அள்ளிப் போடுவார்கள். அப்படிப் போட்டால் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று காற்று வழி திறந்தே இருக்க வேண்டும். குளிருகிறது என்று அதை மூடவே மூடாதீர்கள். பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று கட்டாயம் எடுத்துப் போங்கள். ஆக்சிஜன் குறைந்தால் ஹீட்டர் தானாக அணைந்துவிடுமே என்பார்கள். அந்த சென்சார் கார்பன் மோனாக்சைடைக் கண்டுபிடிக்காது. கூடார ஹீட்டரை எரியவிட்டுத் தூங்கவும் கூடாது.

சரி, ஐஸ். மாநில இயற்கை வளத் துறையின் கணக்குப்படி நடந்து போக 4 அங்குலம், பிக்கப் டிரக்குக்கு 13 அங்குலம். இது புதிதாக உறைந்த, கண்ணாடி போன்ற ஐஸுக்கு. வெள்ளையாக இருந்தால் இரண்டு மடங்கு கனம் வேண்டும். ஓரிடத்தில் துளைத்துப் பார்த்துவிட்டு ஏரி முழுக்க அப்படித்தான் என்று நம்பாதீர்கள்; 150 அடிக்கு ஒருமுறையாவது அளக்கச் சொல்கிறது அந்தத் துறை. மில் லாக்ஸ் மாதிரிப் பெரிய ஏரியில் விரிசல் எங்கே என்று கரையிலுள்ள ரிசார்ட்காரர்களிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். விழுந்தால் ஐஸைக் குத்திப் பிடித்து மேலே ஏற, கழுத்தில் மாட்டும் ஐஸ் ஊசிகள் வேண்டும்.

சட்டம் சிக்கலானதில்லை. 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு மீன்பிடி உரிமம் வேண்டும். மடக்கு கூடாரத்துக்குத் தனி உரிமம் தேவையில்லை, ஆனால் ஆள் 200 அடிக்குள் இல்லாவிட்டால் தேவை. இரவில் ஏரியிலேயே விட்டுவைத்தால் ஒளியைத் திருப்பும் பட்டை ஒவ்வொரு பக்கமும் ஒட்ட வேண்டும். பக்கத்துக் கூடாரத்திலிருந்து 10 அடியாவது தள்ளிப் போடுங்கள்.

மார்ச் மாதம் கூடாரங்களை அகற்றக் கெடு உண்டு: மாநிலத்தின் தென்பகுதியில் முதல் திங்கள், வடபகுதியில் மூன்றாம் திங்கள். அதன்பிறகும் போய் மீன் பிடிக்கலாம், ஆனால் நள்ளிரவுக்குமேல் ஆளில்லாமல் விட்டுவைக்கக் கூடாது. குப்பையையும், அடியில் முட்டுக்கொடுத்த மரக்கட்டைகளையும் மறக்காமல் எடுத்துவந்துவிடுங்கள்.