செய்தி வாசித்த குரலை வகுப்புக்குக் கொண்டு போகாதீர்கள்

கேள்வி: பல வருடம் தொலைக்காட்சியில் செய்தி வாசித்துவிட்டு, இப்போது கல்லூரியில் மேடைப் பேச்சு வகுப்பு எடுக்கிறேன். மாணவர்கள் என்னைப் போலவே ஏற்ற இறக்கத்தோடு பேசுகிறார்கள், ஆனால் தாளை வாங்கிவிட்டால் வாயே திறப்பதில்லை. சர்வதேசப் பயிற்றுநர் சான்றிதழ் வாங்கித் தருவதாக ஒருவர் பணம் கேட்கிறார். கட்டலாமா?

பதில்: முதலில், பணத்தைக் கட்டாதீர்கள். இரண்டு நாள் பயிற்சி, பளபளக்கும் முத்திரை, முடித்ததும் இன்னும் நாலு கல்லூரியில் வேலை என்று ஒரு வாய்ப்பேச்சு, இதெல்லாம் சேர்ந்து வந்தால் அது சான்றிதழ் வியாபாரம்தான். மேடைப் பேச்சு சொல்லித்தர உலகம் முழுக்கச் செல்லுபடியாகும் உரிமம் என்று ஒன்று கிடையவே கிடையாது. எந்தக் கல்லூரி இதைக் கேட்கிறது, எழுத்தில் காட்டுங்கள் என்று கேளுங்கள், அந்த ஆள் அப்புறம் போன் செய்ய மாட்டார். வகுப்பு நடத்தும் விதத்தைப் பார்க்க வேண்டுமா, 1924இல் தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் போன்ற பேச்சுப் பயிற்சி மன்றம் ஒன்றில் போய் உட்காருங்கள். ஒருவர் பேச, ஒருவர் நேரம் பார்க்க, இன்னொருவர் 'அ... வந்து...' என்ற இழுவைகளை எண்ணிக்கொண்டிருப்பார்.

சரி, மாணவர்கள். ஸ்டூடியோவில் உங்களுக்கு லென்ஸுக்கு முன்னாலேயே வரிகள் ஓடின, எதிரில் யாரும் கொட்டாவி விடவில்லை. உங்களிடம் பார்த்து எடுத்துக்கொள்ளச் சுலபமாகக் கிடைப்பது குரல் என்பதால் பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். நீங்கள் தர வேண்டியது செய்தி மேசையில் கற்ற வேலை, அதாவது காதுக்காக எழுதுவது. கேட்பவரால் முந்தைய வரிக்குத் திரும்பிப் போக முடியாது, அதனால் ஒரு வாக்கியத்துக்கு ஒரு தகவல். "இன்றைய நவீன உலகில் தண்ணீரின் முக்கியத்துவம்" என்று ஆரம்பிக்கும் மாணவியை நிறுத்தி, அவள் வாழ்க்கையில் தண்ணீர் எங்கே வருகிறது என்று கேளுங்கள். "எங்கள் விடுதியில் ஆறு மணிக்கு வாளி வைத்தால்தான் ஏழு மணிக்குக் குளிக்கலாம்" என்பாள். அதுதான் முதல் வரி. அதைச் சொல்ல அவளுக்குத் தாள் தேவையில்லை, ஒரு துண்டுச் சீட்டில் நாலு சொல் போதும்.

நடுக்கத்தைப் பற்றியும் சொல்லிவிடுங்கள். நாம் நினைக்கிற அளவுக்கு நம் பதற்றம் வெளியே தெரிவதில்லை. இதை முன்கூட்டியே சொல்லிவிட்டாலே பேச்சு மேம்படுகிறது என்று உளவியலாளர்கள் சவிட்ஸ்கியும் கிலோவிச்சும் 2003இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள்.

அறுபது பேரை ஒரு மணி நேரத்தில் அடைத்தால் ஆளுக்கு ஒரு நிமிடம்கூடத் தேறாது, வருகைப் பதிவே பாதியைத் தின்னும். இதில் பேச்சுக்கு எழுத்துத் தேர்வு வேறு வைக்கிறார்கள், 'மேடைப் பேச்சின் வகைகளை விளக்குக' என்று! நிர்வாகம் மாறும்வரை காத்திருக்காதீர்கள். நாலு நாலு பேராகப் பிரித்து ஒரே நேரத்தில் பேச விடுங்கள், இரைச்சல் இருந்தால் இருக்கட்டும்.

ஒரே ஒரு விதிவிலக்கு, திக்குவாய் உள்ள மாணவர். கடிகாரம் அவருக்கு வேண்டாம், இழுவை எண்ணுவதும் வேண்டாம். அவர் சொல்ல வந்த சொல்லை நீங்கள் முடித்து வைக்காதீர்கள். "மூச்சை இழுத்து விடு, மெதுவாகப் பேசு" என்றும் சொல்லாதீர்கள், அது அவரை இன்னும் இறுக்கும். முகத்தைப் பார்த்துக் காத்திருங்கள், மற்றவர்களும் காத்திருக்கட்டும். எப்படிப் பேச விருப்பம், உட்கார்ந்தா, சிறு குழுவிலா என்று வகுப்புக்கு முன்பே தனியாக அவரையே கேளுங்கள். மதிப்பெண் படிவத்தில் 'தடங்கலின்றிப் பேசுதல்' என்று ஒரு கட்டம் இருந்தால் அதை அவருக்கு நீக்கச் சொல்லித் துறைத்தலைவரிடம் இந்த வாரமே எழுதிக் கொடுங்கள், தேர்வு நெருங்கினால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.