திருப்பி ஒட்டுவதற்கு எதற்குப் பணம்?

கட்டடத்தைப் படம் பிடித்து, ஒரு பகுதியை வெட்டி, கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி ஒட்டி, கட்டடம் என்றே தெரியாத அரூபப் படமாக்கும் கலை பலரையும் பற்றிக்கொண்டிருக்கிறது. இந்த முறை எல்லாக் கடிதங்களும் அதற்குச் செலவழித்த பணத்தைப் பற்றியவை.

கேள்வி: 'மூன்று நாள் இலவசம்' என்றதால் ஒரு செயலியை இறக்கினேன். பிடிக்காமல் அன்றே அழித்துவிட்டேன். இரண்டு மாதமாக வாராவாரம் பணம் போகிறது.

பதில்: உங்கள்மேல் தவறு இல்லை. செயலியை அழித்தால் சந்தாவும் நின்றுவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அந்த நினைப்பை வைத்தே இப்படிப்பட்ட செயலிக்காரர்கள் பணம் பார்க்கிறார்கள். சந்தா இருப்பது செயலியில் அல்ல. அதை இறக்கிய ஆப் ஸ்டோர் அல்லது பிளே ஸ்டோர் கணக்கில். அங்கே சந்தாப் பகுதிக்குப் போய் முதலில் ரத்து செய்யுங்கள், ரத்தானதைக் காட்டும் திரையைப் படமெடுத்து வையுங்கள். பிறகு அதே கணக்கு வழியாகப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். முழுவதும் வரும் என்று வாக்குக் கொடுக்க என்னால் முடியாது. ஆனால் கேட்காமல் விடாதீர்கள்.

கேள்வி: இதற்கென்று விலை கூடிய அகலக் கோண லென்ஸ் வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம்.

கேள்வி: புது லென்ஸில் எடுத்த ஒரு மாடிக் கட்டடத்தின் படத்தை அதன் ஓரத்தோடு ஓரமாகத் திருப்பி ஒட்டினால், நடுவில் கருமையான பட்டை விழுகிறது. ஜன்னல் வரிசைகளும் அங்கே முறிகின்றன. லென்ஸ் பழுதுதானே? கடைக்காரர் திருப்பி வாங்க மறுக்கிறார்.

பதில்: கடைக்காரர் சொல்வது சரி. ஏறக்குறைய எல்லா லென்ஸிலும் படத்தின் ஓரங்கள் வெளிச்சம் குறைந்து சற்று இருளும். தனிப் படத்தில் அது கண்ணை உறுத்தாது. நீங்கள் இரண்டு இருண்ட ஓரங்களைக் கொண்டுவந்து நட்டநடுவில் சேர்க்கிறீர்கள், அதனால் பட்டை. நேர்கோடுகளை ஓரத்தில் லேசாக வளைப்பதும் லென்ஸின் இயல்பு. இரு பக்க வளைவும் சந்திக்கும் இடத்தில் ஜன்னல் வரிசை முறிகிறது.

இதே பட்டையைப் பார்த்து நான் ஒரு நல்ல லென்ஸை நஷ்டத்துக்கு விற்று வேறொன்று வாங்கினேன். அதிலும் பட்டை விழுந்தது. அந்தப் பணம் போனது போனதுதான், உங்களுடையதாவது மிஞ்சட்டும். வெட்டுவதற்கு முன்பே மென்பொருளின் லென்ஸ் திருத்தத்தைப் போடுங்கள். செங்குத்துக் கோடுகளை நிமிர்த்துங்கள். கேமராவுக்குள் படத்தைப் பதியும் சென்சாரில் ஒட்டிய தூசியின் புள்ளிகளையும் அப்போதே துடைத்துவிடுங்கள். சாம்பல் நிறச் சுவரில் ஒரு புள்ளி இருந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். திருப்பி ஒட்டியபின் அதே உயரத்தில் இரண்டு புள்ளிகள் நின்றால் சுவர் நம்மை முறைத்துப் பார்ப்பது போலிருக்கும்.

கேள்வி: 'ஒரே சொடுக்கில் அரூபக் கலை' என்று நானூறு ஃபில்டர்கள் கொண்ட தொகுப்பை வாங்கினேன். விளம்பரத்தில் இருந்ததுபோல ஒரு படம்கூட வரவில்லை. ஏமாற்றுதானே?

பதில்: எந்த மென்பொருளில் ஓடும், பணத்தைத் திருப்பித் தருவார்களா என்று வாங்குவதற்கு முன் பார்த்தீர்களா? பார்த்ததாக உங்கள் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. மாதிரிப் படங்கள் நன்றாக இருந்தன, வாங்கினேன் என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் படங்களின் அழகு ஃபில்டரில் இல்லை, எடுத்தவர் தேர்ந்தெடுத்த படிக்கட்டில் இருந்தது.

இந்தத் தொகுப்புகள்மேல் எனக்குப் பல வருடக் கோபம் உண்டு. பிம்பத்தைத் திருப்பும் வித்தை யாருடைய ரகசியமும் அல்ல. ஸ்காட்லாந்து விஞ்ஞானி டேவிட் புரூஸ்டர், உள்ளே இருக்கும் கண்ணாடிகளால் வடிவங்களைத் திருப்பிப் பெருக்கிக் காட்டும் குழாயான கலைடாஸ்கோப்புக்கு 1817இல் காப்புரிமை பெற்றார். அது ஆயிரக்கணக்கில் விற்றது, ஆனால் எல்லோரும் நகலெடுத்து விற்றதால் அவருக்குப் பெரிதாக எதுவும் கிடைக்கவில்லை. இரண்டு நூற்றாண்டுப் பழைய அந்த வித்தையைத்தான் பெட்டியில் அடைத்து உங்களிடம் விற்கிறார்கள். 1996 முதல் இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் (GIMP) என்ற படத் திருத்த மென்பொருளில் கலைடாஸ்கோப் ஃபில்டர் ஏற்கெனவே இருக்கிறது. அதுகூட வேண்டாம். படத்தை அதன் மேலேயே இன்னொரு லேயராக, அதாவது அடுக்காக, நகலெடுங்கள், இடம் வலமாகத் திருப்புங்கள், இரண்டு அடுக்குகளும் கலக்கும் முறையை மாற்றுங்கள். 'லைட்டன்' வைத்தால் இரண்டில் வெளிச்சமானது நிற்கும், 'டார்க்கன்' வைத்தால் இருட்டானது நிற்கும். 'டிஃபரன்ஸ்' வைத்தால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு மட்டும் மிஞ்சும். இதில் ஒன்றைக் கவனியுங்கள்: ஏற்கெனவே இரு பக்கமும் ஒன்றுபோல் இருக்கும் முகப்பை நேர் எதிரே நின்று எடுத்தால், டிஃபரன்ஸில் படம் ஏறக்குறைய முழுக் கறுப்பாகிவிடும். பக்கவாட்டில் நின்று, சாய்ந்த படிக்கட்டுக் கைப்பிடியையும் அதன் நிழலையும் சேர்த்து எடுத்துப் பாருங்கள். அப்போதுதான் இறக்கை போலவும் எலும்புக்கூடு போலவும் வடிவங்கள் எழும். இதை எந்தத் தொகுப்பும் உங்களுக்குச் சொல்லித் தராது, ஏனென்றால் இதற்குத் தேவை வெயில் நேரத்தில் கொஞ்சம் நடப்பது மட்டும்தான்.

கேள்வி: அச்சகம் கேட்ட அளவில்தான் கோப்பைக் கொடுத்தேன். வந்த அச்சில் வலப்பக்கம் மட்டும் அதிகமாக வெட்டியிருக்கிறார்கள். 'சிறிய வேறுபாடு சகஜம்' என்கிறார்கள்.

பதில்: சாதாரணப் படத்தில் சகஜமாக இருக்கலாம். இரு பக்கமும் ஒன்றாக இருப்பதே உயிரான படத்தில் அது குறைதான். நடுக்கோட்டிலிருந்து இரு ஓரங்களுக்கும் அளவுகோல் வைத்து அளந்து, அளவு தெரியும்படி படமெடுத்து, உங்கள் கோப்போடு சேர்த்து அனுப்புங்கள். மறு அச்சுக் கேளுங்கள். உங்கள் பக்கம் நியாயம் முழுவதுமாக இருக்கிறது, தணிந்து பேசத் தேவையில்லை. அடுத்த முறை சுற்றிலும் வெட்டுவதற்கான ஓரம் விட்டுக் கொடுங்கள். கேன்வாஸ் துணியில் அச்சிடுவது என்றால் மரச்சட்டத்தின் பக்கவாட்டில் மடங்கிப் போகும் பகுதி எவ்வளவு என்று முன்கூட்டியே கேளுங்கள்.

கேள்வி: 24 மெகாபிக்சல் கேமராவின் படம் 40 அங்குல அச்சுக்குப் போதுமா? பெரிதாக்கும் மென்பொருள் வாங்கச் சொல்கிறார்கள்.

பதில்: 6000க்கு 4000 பிக்சல் படம், அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற கணக்கில், 20க்கு 13 அங்குலம் வரும். அதே முழுப் படத்தை நான்கு மூலைக்கும் திருப்பி ஒட்டினால் 12000க்கு 8000 ஆகிறது. அதாவது 40க்கு 26 அங்குலம், நுணுக்கம் குறையாமல். பெரிதாக்கும் மென்பொருளுக்கு இங்கே வேலையே இல்லை. கால் பகுதியை மட்டும் வெட்டி எடுத்து நான்காக்கினால் பழைய 6000க்கு 4000தான்.

கேள்வி: இணையத்தில் எடுத்த கட்டடப் படத்தைத் திருப்பி ஒட்டி விற்கலாமா? யாராலும் அடையாளம் காண முடியாது.

பதில்: கூடாது. எடுத்தவருக்கு எழுதி அனுமதி கேளுங்கள், அல்லது நீங்களே போய் எடுங்கள். சொந்தப் படமாக இருந்தாலும் விற்பதற்கு முன் அந்த நாட்டின் சட்டத்தைப் பாருங்கள். பாரிஸின் ஈஃபிள் கோபுரத்தைப் பகலில் எடுத்து விற்கத் தடையில்லை. இரவில் எரியும் அதன் விளக்கு அலங்காரத்துக்குத் தனி உரிமை இருக்கிறது, வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதி வாங்க வேண்டும்.