மழைக்காலம் முழுக்க சாமான்களை எங்கே வைப்பது?

கேள்வி: நன்னிலம் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. மாமனார் காலத்து ஓட்டு வீட்டை ஆவணியில் பிரித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போகிறோம். தைக்குள் முடித்துத் தருவதாக மேஸ்திரி சொல்கிறார். அதுவரை திருவாரூரில் சின்ன வாடகை வீட்டில் இருப்போம். சாமான்களை வைக்க இரண்டு இடம் இருக்கிறது. ஒன்று, கணவரின் தாய்மாமா முன்பு உரக்கடை வைத்திருந்த குடோன். பெரியது, வாடகை கிடையாது. இன்னொன்று, எங்கள் தெருவிலேயே ஒரு மாடி அறை. சின்னது, வாடகை தர வேண்டும். பித்தளைப் பாத்திரங்கள், ஈயச்சொம்பு, பட்டுப்புடவைகள், மாமியாரின் தஞ்சாவூர்ப் படம், பத்திரங்கள், பத்தாயம், கட்டில், ஃபிரிட்ஜ் எல்லாம் இருக்கிறது. வைக்கோல் வைத்துக் கட்டி, எலிக்கும் பூச்சிக்கும் நெல்லுக்கு வைக்கிற மாத்திரையைப் போட்டு, குடோனில் பூட்டிவிடலாம் என்கிறார் கணவர். மாமியாருக்கோ படத்தை நினைத்துத் தூக்கமே வரவில்லை. என்ன செய்யட்டும்?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருவாரூர் மாவட்டம்

பதில்: முதலில் அந்த மாத்திரை. வேண்டவே வேண்டாம். இன்றைக்கே கணவரிடம் சொல்லிவிடுங்கள். நெல் மூட்டைக்கு வைக்கும் அந்த மாத்திரை அலுமினியம் பாஸ்பைடு. காற்றில் இருக்கும் ஈரம் பட்டாலே போதும், பாஸ்பீன் என்ற நச்சு வாயு வெளியே வரும். அதை மூச்சில் இழுத்தவரைக் காப்பாற்ற மாற்று மருந்து கிடையாது. பூட்டிய அறையைத் திறப்பவருக்கும் ஆபத்து, சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருப்பவருக்கும் ஆபத்து. போதாததற்குச் செம்பு, பித்தளை, வெள்ளி எல்லாவற்றையும் அது அரிக்கும். வீட்டில் மிச்சம் இருந்தால் பிள்ளைகள் கை படாமல் பூட்டி வைத்து, உரம் மருந்து விற்கும் கடைக்காரரிடமோ வேளாண்மை அலுவலகத்திலோ கேட்டு ஒழுங்காக அப்புறப்படுத்துங்கள்.

அடுத்தது குடோன். வாடகை இல்லை என்பது பெரிய விஷயம்தான். வீடு கட்டுகிற நேரத்தில் ஒவ்வொரு ரூபாயும் கணக்கு என்பது எனக்குப் புரிகிறது. ஆனாலும் உரக் குடோனில் பித்தளையும் துணியும் காகிதமும் வைக்கக் கூடாது. யூரியா சிந்திய தரை காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அதிலிருந்து கிளம்பும் அம்மோனியா பித்தளையைக் கறுக்க வைக்கும், நாள்பட்டால் விரிசலே விடவைக்கும். கூடவே பூச்சிமருந்து விற்ற இடமாகவும் இருந்திருக்கும். அந்த நெடி ஏறிய பாத்திரத்தில் நாளைக்குச் சமைக்க முடியுமா? குடோன் கூரை ஓடோ தகரமோ என்றால் இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரை கடந்தபோது உங்கள் மாவட்டத்தில் எத்தனை கூரைகள் பறந்தன என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாடி அறையையே எடுங்கள். துவைக்கிற கல் போல ஈரத்துக்கு அஞ்சாத, சமையலில் சேராத கல் சாமான்கள் மட்டும் குடோனுக்குப் போகட்டும்.

மாடி என்று சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. நம் பக்கத்தில் சாலை மேல் சாலை போட்டு உயர்த்தி, பழைய வீடுகளின் வாசல் பல இடங்களில் தெருவைவிடத் தாழ்ந்து போய்விட்டது. களிமண் தரை வேறு, தண்ணீரைச் சீக்கிரம் உள்ளே விடாது. ஐப்பசியில் இரண்டு நாள் விடாமல் பெய்தால் தரைத்தள அறைக்குள் தண்ணீர் நிற்கும். மேஸ்திரி தை என்று சொன்னால் நீங்கள் சித்திரை வரைக்கும் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அடைமழையில் கட்டுமானம் நின்றுவிடும். ஆக ஐப்பசி, கார்த்திகை மழை, மார்கழிப் பனி எல்லாவற்றையும் இந்தச் சாமான்கள் பூட்டிய அறைக்குள் தாங்கியாக வேண்டும். டெல்டாவில் சாமான் உடைந்து வீணாவதைவிட ஈரத்தில் வீணாவதுதான் அதிகம். அதனால் எப்படிக் கட்டுவது என்பதற்கு முன்னால், எப்படிக் காயவைப்பது என்று யோசியுங்கள்.

ஆடியில் காற்று நன்றாக அடிக்கும், வெயிலும் இருக்கும். காயவைக்கிற வேலை முழுவதையும் அப்போதே முடித்துவிடுங்கள். பித்தளையைப் புளி போட்டுத் தேய்த்தால் புளியும் உப்பும் துளிகூடத் தங்காமல் அலச வேண்டும். தங்கினால் பச்சைக் களிம்பு ஏறும். துடைத்து, வெயிலில் வைத்து, சூடு ஆறிய பிறகுதான் கட்ட வேண்டும். குத்துவிளக்கைத் தண்டு தண்டாகக் கழற்றி, மரையில் ஊறியிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துவிடுங்கள். வைக்கோல் வேண்டாம். கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கிறது என்பது சரி, ஆனால் அது ஈரத்தைப் பிடித்து வைக்கும், எலிக்குக் கூடு கட்ட வாகாகவும் இருக்கும். பழைய வேட்டி, பருத்திப் புடவை, செய்தித்தாள் போதும். ஈயச்சொம்பு மிக மென்மையான உலோகம். அதன் மேல் எதையும் அடுக்காதீர்கள், உள்ளே துணியைத் திணித்து எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள்.

பத்தாயத்தை வந்த விலைக்குத் தள்ளிவிடும் யோசனை யாருக்காவது இருந்தால் தடுத்து நிறுத்துங்கள். தரையில் படாமல் கால் வைத்துச் செய்த மரப்பெட்டி அது. நெல்லைக் காப்பாற்றியது பாத்திரத்தையும் காப்பாற்றும். அடுக்கு அடுக்காகப் பிரிகிற வகையாக இருந்தால் மாடிக்கு ஏற்றி, அறைக்குள் மறுபடி பூட்டி, பித்தளை முழுவதையும் அதற்குள் வைத்துவிடலாம். தூசியும் நெல் மணியும் ஒன்றுகூட இல்லாமல் துடைத்துவிடுங்கள். ஒரு பிடி நெல் கிடந்தாலும் எலி தேடி வரும். அரிசி, பருப்பு, ஊறுகாய் எதுவும் அந்த அறைக்குள் போகக் கூடாது.

பட்டுப்புடவைகளை பிளாஸ்டிக் கவரில் போடாதீர்கள். பழைய வெள்ளை வேட்டித் துணியில் சுற்றுங்கள், ஜரிகை உள்பக்கமாக இருக்கட்டும். நிழலில் காற்றாடப் போட்டாலே போதும், நேர் வெயில் சாயத்தை வெளுக்க வைக்கும். பாச்சை உருண்டை ஜரிகையில் படக் கூடாது. வீட்டில் கைக்குழந்தை இருந்தால் உருண்டையே வேண்டாம். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே இருக்கும் ஒரு குறைபாட்டால், உருண்டை வைத்த துணியைப் போர்த்தினாலே ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்துபோகும். தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் ஓலைச்சுவடிகளுக்கு வசம்பு, கிராம்பு, மிளகு, பட்டை, கருஞ்சீரகம், கற்பூரம் எல்லாம் பொடித்துத் துணியில் முடிந்து வைக்கிற வழக்கம் உண்டு. அதையே செய்யுங்கள். வாசனை குறைந்ததும் முடிச்சை மாற்ற வேண்டும். வேப்பிலை போடுவதென்றால் சருகாகக் காய்ந்த பிறகுதான்.

அட்டைப்பெட்டி கரையானுக்குத் தீனி. தகரப் பெட்டியோ மூடியுள்ள பிளாஸ்டிக் தொட்டியோ நல்லது. தகரப் பெட்டியை வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்து உள்ளே பாருங்கள், ஓட்டை இருந்தால் வெளிச்சம் காட்டிக்கொடுத்துவிடும். அறையில் செங்கல் வைத்து, அதன் மேல் பலகை போட்டு, அதன் மேல்தான் எல்லாமே. சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தால் காற்றும் போகும், கரையான் மண் ஏறினாலும் கண்ணுக்குத் தெரியும். பழைய வீட்டின் தேக்குக் கதவு, நிலையை மறுபடி பயன்படுத்துவதாக இருந்தால் சாய்த்து வைக்காதீர்கள், வளைந்துவிடும். மட்டமாகப் படுக்கவைத்து நடுவில் ரீப்பர் கட்டை கொடுத்து அடுக்குங்கள்.

ஃபிரிட்ஜை இரண்டு நாள் முன்னாலேயே நிறுத்தி, துடைத்துக் காயவைத்து, கதவு மூடிக்கொள்ளாதபடி துணி செருகி, நிமிர்த்தியே கொண்டுபோங்கள். கேஸ் சிலிண்டர் அந்த அறைக்குள் போகவே கூடாது. இன்வெர்ட்டர் பேட்டரியைச் சும்மா போட்டு வைத்தால் செத்துவிடும், வாடகை வீட்டுக்கு எடுத்துப் போங்கள். ரிமோட், கடிகாரம், டார்ச்சிலிருந்து செல்லைக் கழற்றிவிடுங்கள்.

பத்திரங்கள் வங்கி லாக்கருக்கு. மூலப்பத்திரத்தை லேமினேஷன் செய்யாதீர்கள், பிறகு பிரிக்க முடியாது. ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துவிட்டு, பருத்தித் துணிப் பையில் வையுங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் கிடைக்கும் என்பது உண்மைதான், ஆனால் அசல் தொலைந்தால் போலீஸ் புகார், பத்திரிகை விளம்பரம் என்று அலைய வேண்டிவரும்.

இப்போது மாமியாரின் படம். அதைக் கட்டவே வேண்டாம். பலகையில் துணி ஒட்டி, சுண்ணப்பொடியும் பசையும் குழைத்து மேடாக்கி, அதன் மேல் தங்கரேக்கு பதித்த படம் அது. ஈரம் ஏறினால் பசை இளகும், காய்ந்தால் சுருங்கும், ரேக்கு உரிந்துவிடும். பிளாஸ்டிக்கில் சுற்றிப் பூட்டினால் உள்ளேயே வேர்த்து பூஞ்சை பிடிக்கும். திருவாரூர் வீட்டுக்கே எடுத்துப் போய், மழை அடிக்காத உள்சுவரில், மாமியார் கண்ணில் படும் இடத்தில் மாட்டுங்கள். வண்டியில் போகும்போது மட்டும் பருத்தித் துணி சுற்றி, நாலு மூலைக்கும் அட்டை கொடுத்து, நிற்கவைத்து, ஒருவர் கையால் பிடித்தபடி போகட்டும். கண்ணாடிக்குள் வெள்ளைப் படலம் தெரிந்தால் ஈரத்துணியால் துடைக்காதீர்கள். தஞ்சாவூரில் அந்தப் படங்களைச் செய்கிற கைவினைஞரிடம் காட்டுங்கள்.

பெட்டிகளுக்கு எண் போட்டு, உள்ளே இருப்பதை ஒரு நோட்டில் எழுதுங்கள். மழை விட்டு வெயில் அடிக்கும் நாள் பார்த்து, மாதம் ஒரு தடவையாவது அறையைத் திறந்து, ஜன்னலைத் திறந்து, ஒரு பெட்டியையாவது பிரித்துப் பாருங்கள். மாடி வீட்டுக்காரரிடம் ஒரு சாவி கொடுத்துவைத்தால் புயல் எச்சரிக்கை வரும்போது அவரே ஜன்னலை அடைத்துவிடுவார்.

வீடு முடிந்தவுடன் எல்லாவற்றையும் ஒரே நாளில் கொண்டுவந்து இறக்க வேண்டாம். புதுப் பூச்சு உள்ளுக்குள் பல வாரம் ஈரமாகவே இருக்கும். பீரோவையும் பத்தாயத்தையும் சுவரில் ஒட்டாமல் வையுங்கள். பட்டுப்புடவைகள் கடைசியாக வரட்டும். தஞ்சாவூர்ப் படத்தைப் புதுச் சுவரில் மாட்ட ஒரு கோடை முழுக்கக் காயும்வரை பொறுத்திருங்கள். அதுவரை உயரமான ஒரு பலகை மேல், சுவரில் படாமல் நிறுத்தி வைக்கலாம் என்று மாமியாரிடம் சொல்லுங்கள்.